எண்ணூருக்கு ஒரு ஆறு பார்சல்!

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நீங்கள் கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கலாம். பில் புக், டைரி, காலண்டர் வாங்கியிருக்கலாம். ஆறு வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கினேன். மீட்டர் கணக்கில்!

நண்பனின் மனைவி எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவர் போனில் சொன்னது இதுதான்: "சார், நீங்க அந்தப் பக்கம்தானே சுத்திக்கிட்டிருக்கீங்க... காக்கி பேப்பர் ரோல் ஒண்ணு வாங்கிட்டு வர முடியுமா? பதினாலு மீட்டர். பசங்க ஆறு வரையணும்."

"பதினாலு மீட்டரா? எதுக்கு டீச்சர் அவ்ளோ?"

"கொசஸ்தலை ஆறு 136 கிலோமீட்டர் சார். பத்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். 13.6 வருது. மிச்சம் நாப்பது சென்டிமீட்டர் கடலுக்கு."

வங்காள விரிகுடாவுக்கு நாற்பது சென்டிமீட்டர்! பி.காம். படித்த எனக்கே இப்படி ஒரு பட்ஜெட் போடத் தோன்றியிருக்காது.

கடைக்காரர் பேப்பரை உருட்டிக் கட்டிக்கொண்டே, "கல்யாண டெகரேஷனா சார்?" என்றார். "இல்லீங்க, ஆறு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

★

வடசென்னைக்குப் பஸ்ஸில் போவதா, ரயிலில் போவதா என்று பட்டிமன்றம் வைத்தால், நடுவர் யோசிக்காமல் ரயில் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்தால், டிரைவர்கள் இறங்கி டீ குடித்து, சீட்டாடி, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். திருவொற்றியூர் கடலோரத்தில் எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய சமாதி இருக்கிறது. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் அதே ஞானம் வந்துவிடும்.

ஆகவே பீச் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லோக்கல். தோளில் பேப்பர் ரோல்.

"இன்னா சார் அது, ராக்கெட்டா?" என்றார் எதிர் சீட் மீன்கூடை அம்மா.

முதல் ஸ்டேஷனே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. வண்டியோ நிற்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பிறகு வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர்... ஜன்னலுக்கு வெளியே சுவர், குழாய், புகைபோக்கி, மறுபடி சுவர்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதே லைனில் ஆறு வருஷம் நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு பாலம் வரும். கடகடவென்று சத்தம் மாறும். சத்தம் மாறினால் இறங்குவதற்கு எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கீழே என்ன தண்ணீர், எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஏதோ பெரிய கால்வாய் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பெயர் கொசஸ்தலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு.

★

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது காலை உப்புமா முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்புமாகச் சேர்ந்து இருபத்தெட்டுப் பேர். எல்லோரும் தரையில், வட்டம் வட்டமாக.

நாம் படித்த காலத்தில் முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்று இரண்டு ஜாதி உண்டு. பெஞ்சையே எடுத்துவிட்டால் ஜாதி ஏது? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் இந்தச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது கமிஷனராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். இதில் முனைந்து நின்றார். ஆந்திராவில் மதனபள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளுக்குப் போய் நம் டீச்சர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள். கரும்பலகை குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிட்டார்கள். பிறகு 2007-ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் பரவி, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்று வேறு வடிவம் வந்தது. பாட்டு, பொம்மை, படம் எல்லாம் அதிலும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இந்த முறையை உருவாக்கிய ரிஷிவேலி அமைப்பின் பெயரைச் சுருக்கினால், ஆங்கிலத்தில் 'ரிவர்' என்று வருகிறது! ஆற்றிலிருந்து வந்த முறையில் ஆற்றையே பாடமாக நடத்துகிறார் நம்ம டீச்சர்.

பேப்பரை வராண்டாவில் விரித்தோம். பத்து மீட்டரிலேயே வராண்டா முடிந்துவிட்டது. வளைத்து, மாடிப்படிப் பக்கம் திருப்பி, தண்ணீர்த் தொட்டி வரை கொண்டுபோனோம். "ஆறு ஏன் வளைஞ்சு வளைஞ்சு போவுது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எடம் பத்தல மிஸ்" என்று ஒரு குரல். புவியியல் பட்டதாரிகள் மன்னிக்கவும், எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

நாலு குழு. முதல் குழுவுக்கு ஆறு தொடங்கும் காவேரிப்பாக்கம் பக்கம். இரண்டாவதற்குப் பூண்டி ஏரி. மூன்றாவதற்குத் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள். நான்காவது எண்ணூர் முகத்துவாரம்.

டீச்சர் போட்டது ஒரே ஒரு சட்டம்தான். "உங்க ஆறு பக்கத்துக் குழு ஆத்தோட சேரணும். எங்க சேரும், எவ்ளோ அகலம்னு நீங்களே பேசிக்குங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். ஆரம்பித்தது சண்டை!

இரண்டாம் குழு ஆற்றை நாலு விரல் அகலத்துக்கு வரைந்துகொண்டு வந்தது. மூன்றாம் குழு ஒரு முழ அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. "மேலேர்ந்து தண்ணி வுடாம எப்பிட்றா எங்களுது நெறையும்?" என்று மூன்று. "நாங்க ஏரி கட்டிட்டோம், அவ்ளோதான் வுட முடியும்" என்று இரண்டு. அடேயப்பா, நான்காம் வகுப்பிலேயே காவிரி நடுவர் மன்றம்!

ஆனால் டீச்சர் இதற்காகத்தான் காத்திருந்தார். அருகில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார். சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது எடுத்த முயற்சியில் 1940-ல் வேலை தொடங்கி, 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. சென்னைக்காரன் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் இந்த ஆற்றுக்கும் பங்கு உண்டு. அங்கே தேக்கினால் கீழே குறையும். மழை கொட்டினால் மதகைத் திறப்பார்கள், கீழே பொங்கும். "அப்ப மூணாவது குழு எவ்ளோ அகலம் வரையணும்?" என்றார்.

இரண்டு குழுவும் குசுகுசுவென்று பேசி ஒரு முடிவுக்கு வந்தன. மெல்லிய கோடாக ஒரு ஆறு, அதைச் சுற்றிப் புள்ளி வைத்து அகலமாக ஒரு ஆறு. "இது வெயில் காலம் மிஸ். புள்ளி வெச்சது மழை காலம்."

வெள்ளப்பெருக்குப் பகுதி என்று பெரிய பெரிய ரிப்போர்ட்டுகளில் எழுதுகிறார்களே, அது இதுதான். நம்மில் பல பேர் அந்தப் புள்ளிகளுக்குள் மனை வாங்கி, கிருகப் பிரவேசமும் செய்திருக்கிறோம்.

முதல் குழுவிலும் ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். கேசவரம் அணைக்கட்டில் இந்த ஆற்றிலிருந்து பிரிகிற கிளைதான் கூவமாம்! நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் தாண்டும் அதே கூவம். "அக்கா தங்கச்சி மாதிரி மிஸ்" என்றது ஒரு வாண்டு. அக்காவும் சரி, தங்கையும் சரி, சென்னையில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் இந்தக் கதி.

★

பிரச்னை நான்காவது குழுவில் வந்தது.

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். ஒன்பது வயது இருக்கும். முகத்துவாரத்துக்குக் கறுப்பு க்ரேயானை எடுத்தாள். பக்கத்துப் பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய், ஆறுன்னா ப்ளூதான். புக்குல பாரு."

"எங்க ஆறு ப்ளூ இல்ல."

"மிஸ்ஸ்ஸ்! இவ கறுப்பு அடிக்கிறா!"

அவள் விடவில்லை. கறுப்பு தீர்ந்துபோனதும் எழுந்து போய், ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்து, அதில் படிந்திருந்த தூசியைக் கொண்டுவந்து கரையோரம் பூசினாள். சாம்பல் நிறம் அச்சு அசலாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு நினைவு தெரிந்த ஆறு அதுதான். 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அவள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கலாம். வாளியால் எண்ணெய் அள்ளிய படத்தை அன்றைக்கு நாம் எல்லோரும் பேப்பரில் பார்த்தோம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்ததே, அது அவளுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, ஆற்றில் கலந்து, வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்கள் றெக்கையை விரிக்க முடியாமல் நின்றன. அப்போதும் மீனவர்கள் கையில் வாளியும் மக்கும்தான். ஆறு வருஷத்தில் நம் தொழில்நுட்பத்தில் முன்னேற்றம் ஒன்று உண்டு. வாளி அப்போதும் பிளாஸ்டிக்தான், இப்போதும் பிளாஸ்டிக்தான்!

சாம்பல் சமாசாரம் அதற்கும் பழசு. 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மற்றவை இருக்கின்றன. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் அனுப்புவார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றின் அடியில் படியும், ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் இறால் ஏது?

டீச்சர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். மறுநாள் ஆபீஸர் விசிட். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு... அந்தக் கடைசி எடத்துல மட்டும் ஒரு கோட் நீலம் அடிச்சிடலாமே?" என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நீலப் பெயின்ட் டப்பாவோடு வந்திருப்பேன்.

டீச்சர் அந்தப் பெண்ணிடம், "மத்தியானம் உங்க ஆயாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

★

ஆயா வந்தார். முகத்துவாரத்தில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, பிடித்ததைப் போடப் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு... கேட்கும்போதே நமக்குக் கழுத்து வலிக்கிறது.

"இன்னா கண்ணு கேக்கப் போறீங்க?" என்று பிள்ளைகள் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ஆயா, நீ சின்னப் புள்ளையா இருக்கச்சொல்லோ ஆறு இன்னா கலரு?"

ஆயா சிரித்தார். "கலரா? தண்ணிக்கு ஏது கண்ணு கலரு? காலு தெரியும். கால்ல இருக்கற மெட்டி தெரியும். அதாண்டி கலரு."

வகுப்பில் சத்தம் இல்லை.

அப்புறம் வரிசையாகச் சொன்னார். இறாலில் எத்தனை வகை, நண்டு எந்த மாசத்தில் சதை பிடிக்கும், மடவை எப்படித் துள்ளும், மஞ்ச மட்டி எங்கே கிடைக்கும். கடைசியில் குரல் இறங்கியது. "இப்ப கைய வெச்சா காக்கா ஆழிதான். கத்தி மாரி கிழிக்குது." காக்கா ஆழி என்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிப்பி. ஆற்றின் அடியில் கம்பளம் விரித்தாற்போல் பரவி, இறாலையும் மட்டியையும் விரட்டிவிடுகிறது. விசா கேட்காமலே குடியேறிவிட்டது.

ஆயா போனதும் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கறுப்பு ஆற்றின் மேலே அதே அளவில் இன்னொரு பேப்பர் வெட்டி, ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டினார்கள். கதவு மாதிரி. மூடியிருந்தால் ஆயாவின் ஆறு: இறால், நண்டு, அலையாத்திச் செடிகள், தண்ணீருக்குள் மெட்டி போட்ட ஒரு கால். திறந்தால் பேத்தியின் ஆறு. நீலம்தான் என்று சண்டை போட்ட பையன்தான் மெட்டி வரைந்தவன்!

★

இந்த இடத்தில் என்னுடைய காமர்ஸ் மூளை ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும்.

1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடம் ஒன்று உண்டு. அதன்படி எண்ணூர்க் கழிமுகப் பகுதி 6,469 ஏக்கர், கட்டடம் எழுப்பக் கூடாத இடம். அதற்குப் பிறகு இன்னொரு வரைபடம் புழக்கத்துக்கு வந்தது. அதில் கழிமுகம் இல்லை! காணோம்! 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இரண்டு வரைபடங்களையும் வாங்கி, அருகருகே வைத்துக் காட்டினார்கள் மீனவர்களும் ஆர்வலர்களும். சினிமாவில் ஒருவர் கிணற்றைக் காணோம் என்று போலீஸுக்குப் போனபோது நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே காணாமல் போனது ஒரு ஆற்றின் வாய்.

அதே வருஷம் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் மண்ணிலேயே நின்று கர்நாடக ராகங்களில் 'சென்னைப் புறம்போக்கு' பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. நாம் யாரையாவது திட்டப் பயன்படுத்தும் புறம்போக்கு என்ற வார்த்தைக்கு, ஊருக்கெல்லாம் பொதுவான இடம் என்று அர்த்தம் என்பது அப்போதுதான் பல பேருக்கு உறைத்தது.

அக்கவுன்ட்ஸில் ஒரு சொத்தை 'ரைட் ஆஃப்' செய்வதென்றால்கூட அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அது புத்தகத்தில் இருக்க வேண்டும். ஏன் கழிக்கிறோம் என்று நாலு வரி எழுத வேண்டும். ஆடிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றுமே இல்லாமல் 6,469 ஏக்கரை வரையாமல் விட்டுவிட்டால், அதற்குக் கணக்கில் பெயரே கிடையாது. பெரியவர்கள் வரைய மறந்ததை இருபத்தெட்டுப் பிள்ளைகள் காக்கிப் பேப்பரில் வரைந்துவிட்டார்கள். ஸ்கேல் உட்பட.

படம் வரைந்தால் ஆறு சுத்தமாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் லண்டன் கதையைக் கேளுங்கள். 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பார்லிமென்ட் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் எம்.பி.க்களின் மூக்குக்கு வந்த பிறகுதான் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் வந்தது! இன்றைக்கு அதே தேம்ஸில் மீன் இருக்கிறது. 2006-லிருந்து பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் நதியை ஓவியர்களோடு சேர்ந்து வரைந்து, அந்தக் கரையில் காட்சிக்கும் வைக்கிறார்கள். ஆறு செத்தாலும் பிழைக்கும். அதற்கு முதலில், அது ஆறுதான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஆறு வருஷம் தெரியாமல் மேலே போய் வந்தவன் சொல்கிறேன்.

★

மறுநாள் ராத்திரி டீச்சர் போன் செய்தார்.

"ஆபீஸர் வந்தார் சார்."

"நீலம் அடிச்சீங்களா?"

"இல்ல. அப்படியேதான் மாட்டியிருந்தேன். கையெல்லாம் நடுங்கிச்சு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல. கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். 'யார் வரைஞ்சது?'ன்னு கேட்டார். இருபத்தெட்டு பேரும் கையைத் தூக்கிட்டாங்க சார்!" டீச்சரின் குரல் கொஞ்சம் கரகரத்தது. "அப்புறம் விசிட் நோட்டுல 'நன்று'ன்னு எழுதிட்டுப் போயிட்டார்."

திறந்த கதவு நன்றா, மூடிய கதவு நன்றா என்று எழுதவில்லையாம். உத்தியோகஸ்தர் அல்லவா!

அடுத்த முறை கும்மிடிப்பூண்டி லோக்கலில் போனால் ஒரு உபகாரம் செய்யுங்கள். எண்ணூர் தாண்டி, சத்தம் மாறுகிற இடத்தில், செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கீழே பாருங்கள். தண்ணீரில் யாராவது பறியைக் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பார்கள். அது கால்வாய் இல்லை சார். 136 கிலோமீட்டர் நடந்து வந்த கொசஸ்தலை ஆறு.

சந்தேகமிருந்தால் மூன்றாம் வகுப்பில் விசாரிக்கவும்.